குடியிருப்போர் எத்தனை வகை?

பிழைப்பை நாடிப் பிற மாநிலம் சென்ற தமிழர் ஒருவரைக் கண்டால் நாம் முதலில் கேட்கும் கேள்வி, "எங்கே குடியிருக்கிறீர்கள்?" என்பது. இரண்டாவது கேள்வி, "வாடகை என்ன?" என்பது. மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அதை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. "நீங்கள் அந்த வீட்டில் எந்த முறையில் குடியிருக்கிறீர்கள்?" என்பதே அக்கேள்வி. அரசாங்கம் வீட்டு வசதிக்காகத் தரும் உதவிகள் அனைத்தும் இந்த மூன்றாவது கேள்விக்கு நாம் கூறும் விடையைப் பொறுத்தே அமைகின்றன. விடை தவறினால், தகுதியுள்ள குடும்பமும் வெறுங்கையுடன் திரும்ப நேரிடும். ஆகவே குடியிருப்பு முறைகள் எவை, அவற்றைச் சட்டம் எவ்வாறு பாகுபடுத்துகிறது, அந்தப் பாகுபாட்டினால் யாருக்கு எது கிடைக்கிறது என்பதை இன்று சற்று ஆராய்வோம்.

தமிழில் இதற்கான சொற்களுக்குப் பஞ்சமில்லை. மாதந்தோறும் பணம் கொடுத்து இருப்பது வாடகை. பழைய வழக்கில் குடிக்கூலி. ஒரு காலவரையறைக்கு எடுத்துக்கொள்வது குத்தகை. பெருந்தொகையை முன்னதாகக் கொடுத்துவிட்டு, மாத வாடகை இன்றிக் குடியிருந்து, வெளியேறும்போது அத்தொகையைத் திரும்பப் பெறுவது ஒத்தி அல்லது போகியம். பிறர் மனையில் தன் செலவில் கொட்டகையோ வீடோ கட்டிக்கொண்டு மனைக்கு மட்டும் பணம் செலுத்துவது மனை வாடகை. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு உரிமையைக் குறிக்கும். அலுவலகப் படிவங்களை மொழிபெயர்க்கும் தொழிலில் இருப்போருக்கு இது நன்கு விளங்கும். மூலத்தில் உள்ள ஐந்து வகைகளையும் "வாடகைக்குக் குடியிருப்போர்" என்ற ஒரே தொடரில் அடக்கிவிட்டால் வாக்கியம் அழகாக அமையும்; ஆனால் நால்வருடைய உரிமை அதில் மறைந்துபோகும்.

கொல்கத்தாவின் தென்பகுதியில் உள்ள கரியாஹாட் நாற்சந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழர்களுக்கு அது பழக்கமான இடம். மேற்கே ராஷ்பிஹாரி சாலை வழியாகச் சென்றால் லேக் மார்க்கெட். வெற்றிலையும் வாழையிலையும் காப்பிப் பொடியும் தேடித் தென்னாட்டார் கூடும் கடைவீதி அது. தெற்கே கோல்பார்க்கில் இராமகிருஷ்ண மிஷனின் பண்பாட்டு நிலையம். கணக்கு அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் வணிக நிறுவனங்களிலும் வேலை பார்க்க வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இந்த வட்டாரத்தில் வசித்து வந்திருக்கின்றன. இந்தச் சந்தியிலிருந்து அரை மணி நேரம் நடந்தால், இந்தியச் சட்டம் அறிந்த குடியிருப்பு முறைகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

முதலாவது, பழைய மாடி வீடுகளில் நீண்ட காலமாகக் குடியிருப்போர். இவர்களுக்குக் காப்பாக இருந்தது 1956 ஆம் ஆண்டு மேற்கு வங்கக் கட்டிடக் குடிவாரச் சட்டம். பின்னர் 1997 ஆம் ஆண்டுச் சட்டம் 2001 ஜூலை 10 முதல் நடைமுறைக்கு வந்து அதன் இடத்தைப் பெற்றது. சட்டம் கூறும் காரணம் இன்றி வீட்டுக்காரர் இவர்களை வெளியேற்ற முடியாது. வாடகையும் மிகக் குறைவு. ஆனால் இதற்கு மறுபுறம் ஒன்று உண்டு. வரவு குறைந்த கட்டிடத்தைப் பழுதுபார்க்க உரிமையாளருக்கு மனம் வருவதில்லை. அபாயகரமான கட்டிடம் என்று மாநகராட்சி பலகை மாட்டிய வீடுகளிலும் குடும்பங்கள் வாழ்ந்துகொண்டே இருக்கின்றன. வெளியேறினால் உரிமை போய்விடும் என்ற அச்சமே காரணம்.

புதிய சட்டத்தில் நம்மவர்கள் பலர் கவனியாத பகுதி ஒன்று உண்டு. குடியிருப்பவர் இறந்தபின், அவரைச் சார்ந்து அவருடன் வாழ்ந்து வந்த மகன், மகள், பெற்றோர் ஆகியோருக்கு ஐந்து ஆண்டுக் காலத்திற்கு மட்டுமே அந்தக் குடியுரிமை தொடரும். அவர்களுக்கு வேறு வீடு இருத்தலும் கூடாது. அவ்வாறே சார்ந்து வாழ்ந்த மனைவிக்கோ கணவனுக்கோ இந்த ஐந்தாண்டு வரம்பு இல்லை. ஐந்தாண்டுக்குப் பின் மக்களுக்கு உள்ளது, நியாய வாடகை கொடுத்துப் புதிய உடன்படிக்கை செய்துகொள்வதில் முன்னுரிமை மட்டுமே. தாத்தா காலத்து வீடு என்று சொல்லிக்கொண்டிருக்கும் குடும்பங்கள், அந்த வீடு இன்று யார் பெயரில் எந்த முறையில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுதல் அவசியம்.

இரண்டாவது வகை, பதினொரு மாத உடன்படிக்கையில் இருப்போர். இது ஏன் பன்னிரண்டு மாதமாக இல்லாமல் பதினொன்றாக இருக்கிறது என்று கேட்கலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது 1882 ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் விதி. பதிவுச் செலவையும் தொந்தரவையும் தவிர்க்கப் பதினொரு மாதம் என்று எழுதுகிறார்கள். சில இடங்களில் குத்தகை என்னும் சொல்லையே விலக்கி, "அனுமதி" என்று எழுதிவிடுவதும் உண்டு. குத்தகையில் வீட்டின் மீது ஓர் உரிமை பிறக்கிறது. அனுமதியில் உரிமை ஏதும் பிறப்பதில்லை. இருக்க இசைவு மட்டுமே உண்டு. ஆனால் தாளில் எழுதிய பெயர் ஒன்றே முடிவானது அன்று. பெயரைவிடப் பொருளே முக்கியம், வீடு முழுவதும் ஒருவருடைய தனி அனுபவத்தில் இருந்ததா என்பதைப் பார்க்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1959 ஆம் ஆண்டில் அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் வழக்கில் தெளிவுபடுத்தியது. சாப்பாட்டுடன் அறை எடுத்துத் தங்கும் மாணவர்களும், மெஸ் வீட்டில் ஒரு கட்டிலுக்குப் பணம் கொடுக்கும் இளைஞர்களும் இந்த அளவுகோலில் பெரும்பாலும் அனுமதி பெற்றவர்களே. குடிவாரச் சட்டத்தின் நிழல் அவர்கள்மீது விழுவது அரிது.

மூன்றாவது வகைதான் கொல்கத்தாவுக்கே உரியது. பஸ்தி எனப்படும் குடிசைப் பகுதிகளில் மூன்று அடுக்கு உறவு நிலவி வந்தது. அடியில் நிலத்தின் சொந்தக்காரர். அவரிடம் வெறும் மனையை வாடகைக்கு எடுத்து, ஓட்டுக் கூரை வீடுகளைக் கட்டியவர் டிக்கா குடியானவர். டிக்கா என்றால் வங்காளியில் ஒப்பந்தம், தற்காலிகம் என்று பொருள். அந்த வீடுகளில் ஒவ்வோர் அறையாக வாடகைக்கு எடுத்துக் குடியேறியவர் பாடாட்டியா. பாடா என்றால் வாடகை. 1949 ஆம் ஆண்டின் கல்கத்தா டிக்கா குடிவாரச் சட்டம் நடுவில் உள்ளவருக்குப் பாதுகாப்பு அளித்தது. 1981 ஆம் ஆண்டுச் சட்டம் ஒருபடி மேலே சென்று, நிலத்தையே அரசுடைமை ஆக்கிற்று. டிக்கா குடியானவர் நேராக அரசாங்கத்தின் குடியானவர் ஆனார். 2001 ஆம் ஆண்டில் இயற்றிய புதிய சட்டம் இந்த ஏற்பாட்டைத் தொடர்ந்தது.

நம் சென்னையிலும் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. 1921 ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடியானவர் பாதுகாப்புச் சட்டம், மனை வாடகை கொடுத்துக் கட்டிடம் எழுப்பியவரை வெறுங்கையுடன் விரட்டக்கூடாது என்றது. கட்டிடத்திற்கு ஈட்டுத்தொகை கோரவும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு அந்த மனையைத் தமக்கே விற்கும்படி நீதிமன்றத்தை வேண்டவும் அவருக்கு வழி செய்தது. சென்னையும் கல்கத்தாவும் ஒரே சிக்கலைச் சந்தித்தன. சென்னை நிலத்தை விற்கச் சொல்லிற்று, கல்கத்தா நிலத்தை அரசிடம் சேர்த்தது. இரண்டு சட்டங்களின் கண்ணும் கட்டிடம் கட்டியவர் மீதே படிந்தது. அந்தக் கட்டிடத்தின் ஓர் அறையில் பாய் விரித்துப் படுத்தவர் மீது அவ்வளவாகப் படியவில்லை.

நான்காவது வகை, வேலையுடன் ஒட்டிய குடியிருப்பு. மத்திய அரசாங்க ஊழியர் குவார்ட்டர்ஸில் இருந்தால் அவர் வாடகைக்கு இருப்பவர் அல்லர். உரிமக் கட்டணம் செலுத்தும் அனுமதியாளர். பணி முடிந்தால், சலுகைக் காலம் கழிந்ததும் வீட்டையும் ஒப்படைக்க வேண்டும். இதே முறையின் கடுமையான வடிவத்தைத் தேயிலைத் தோட்டங்களில் காணலாம். வால்பாறையிலும் நீலகிரியிலும், இங்கே வட வங்கத்தின் டுவார்ஸ் பகுதியிலும், தொழிலாளருக்கு வீடு தருவதை 1951 ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளியின் கடமை ஆக்கிற்று. நல்ல கடமைதான். ஆனால் வேலை போனால் கூரையும் போகும். இலங்கை மலையகத்தில் லயன் அறைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நம் தமிழ் மக்களுக்கு, தாம் பிறந்த அறையின்மீது உரிமைத் தாள் ஏதும் இருந்ததில்லை. இந்திய உதவியுடன் அங்கே கட்டப்பட்ட வீடுகளுக்கு ஏழு பேர்ச் நிலமும் சேர்த்து வழங்க முனைந்ததன் சிறப்பு இதில்தான் இருக்கிறது. சுவரோடு காணியும் கிடைத்தாலன்றி வீடு தன் வீடாகாது.

ஐந்தாவது வகை, குடிவாரம் என்ற சொல்லுக்கே எட்டாதவர்கள். கரியாஹாட்டுக்குத் தெற்கே யாதவ்பூர் பக்கம் உள்ள விஜய்கர் முதலிய காலனிகள், 1947 ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் காலி இடங்களில் தாமே அமைத்துக்கொண்டவை. நெடுங்காலப் போராட்டத்திற்குப் பிறகே அவர்களுக்குப் பட்டா உரிமை கிட்டியது. ஏரியை ஒட்டிய ரயில் பாதை ஓரத்தில் உள்ள கோவிந்தபூர் ரயில் காலனி மக்களுக்கோ அந்த நிலையும் வாய்க்கவில்லை. அறிஞர் பார்த்தா சட்டர்ஜி 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இந்தக் காலனியைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். சட்டப்படி ஆக்கிரமிப்பாளர், நடைமுறையிலோ சங்கம் அமைத்து அரசாங்கத்துடன் பேசி வாழும் குடிமக்கள். இந்த இரு நிலைக்கும் இடையே அவர்கள் வாழ்ந்ததை அவர் எடுத்துக்காட்டுகிறார்.

நேயர்களே, இனி இந்தப் பாகுபாடு உதவித்தொகையில் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம்.

2011 ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கு வீடுகளை மூன்றே பிரிவாக வைத்தது: சொந்தம், வாடகை, மற்றவை. நகர்ப்புற இந்தியாவில் நூற்றுக்கு 69.2 குடும்பம் சொந்த வீட்டிலும், 27.5 குடும்பம் வாடகையிலும், எஞ்சிய 3.3 குடும்பம் மற்ற முறையிலும் இருந்தன. கணக்கெடுப்பிற்கு இது போதும். ஆனால் பஸ்தியில் டிக்கா வீட்டுக்காரரைச் சொந்தம் என்பதா, மற்றவை என்பதா? லயன் அறையை எதில் சேர்ப்பது? மூன்று கட்டங்களுக்குள் வாழ்க்கை அடங்குவதில்லை.

2015 ஆம் ஆண்டு ஜூன் 25 அன்று தொடங்கிய பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தைப் பாருங்கள். தாமே வீடு கட்டிக்கொள்ளும் பிரிவில் மத்திய அரசாங்கம் ஒரு வீட்டுக்கு 1.5 லட்சம் ரூபாய் அளித்தது. அதற்குச் சொந்த மனை வேண்டும். வட்டி மானியப் பிரிவுக்கு வங்கிக் கடன் வேண்டும். கடனுக்கு ஆவணம் வேண்டும். குடிசைப் பகுதியை அங்கேயே புதுப்பிக்கும் பிரிவுக்கு, மாநிலம் குறித்த நாளுக்கு முன்பிருந்து அங்கே குடியிருந்தவர் என்ற சான்று வேண்டும். பாடாட்டியாவிடம் மனையும் இல்லை, ஆவணமும் இல்லை. பெரும்பாலும் ரசீதும் இல்லை. ஆகவே மிகுந்த தேவை உடையவரே எல்லாக் கட்டங்களுக்கும் வெளியே நின்றார். 2020 ஆம் ஆண்டில், பெருந்தொற்றின்போது இடம்பெயர்ந்த தொழிலாளர் பட்ட துயரைக் கண்டபிறகே, குறைந்த வாடகைக் குடியிருப்பு வளாகங்கள் என்ற தனித் திட்டம் பிறந்தது. 2024 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் திட்டத்தில் வாடகை வீடும் ஒரு தனிப்பிரிவாக இடம் பெற்றது. சொந்த வீடு அளிப்பதே உதவி என்ற எண்ணம் சற்றுத் தளர்ந்து, நல்ல வாடகை வீடும் உதவியே என்ற எண்ணம் வேரூன்றியது வரவேற்கத்தக்கது.

இத்திட்டங்களில் புலம்பெயர்ந்த தமிழர்கள் மறவாமல் நினைவில் கொள்ளவேண்டிய நிபந்தனை ஒன்று உண்டு. விண்ணப்பிக்கும் குடும்பத்தினர் பெயரில் இந்தியாவில் எங்கும் பக்கா வீடு இருத்தல் கூடாது என்பதே அது. குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத மக்கள். ஊரில் தந்தையார் பெயரில் உள்ள வீடு, மணமாகித் தனியே வாழும் மகனுடைய கணக்கில் சேராது. அதே வீடு மனைவியின் பெயரில் எழுதப்பட்டிருந்தால் சேரும். ஊர்ச் சொத்தின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதை அறியாமல் கொல்கத்தாவிலோ மும்பையிலோ படிவம் நிரப்புவது, கண்ணைக் கட்டிக்கொண்டு காட்டில் நடப்பது போலாகும்.

சம்பளம் பெறுவோருக்கும் இதே பாகுபாடு உண்டு. மத்திய அரசாங்க ஊழியருக்கான வீட்டு வாடகைப் படியில், 50 லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் கொல்கத்தா போன்ற நகரங்கள் முதல் வகுப்பைச் சேர்ந்தவை. 2017 ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி அடிப்படைச் சம்பளத்தில் நூற்றுக்கு 24 ஆக இருந்த படி, 2024 ஜனவரி முதல் 30 ஆயிற்று. குவார்ட்டர்ஸில் இருப்பவருக்கு இப்படி இல்லை. சொந்த வீட்டில் இருப்பவருக்குப் படி உண்டு. ஆனால் வாடகைக்கான வருமான வரிச் சலுகை இல்லை. வாடகை கொடுத்து இருப்பவர் இரண்டையும் பெறலாம். ஒரே அலுவலகத்தில் ஒரே சம்பளம் வாங்கும் மூவர், குடியிருக்கும் முறையினால் மூன்று நிலையை அடைகிறார்கள்.

பிற நாடுகளிலும் இதே கதைதான். பிரிட்டனில் வாடகை உதவி பெறுவோரைச் சமூகக் குடியிருப்பில் இருப்போர், தனியார் வீட்டில் இருப்போர் என்று முதலில் பிரிக்கிறார்கள். தனியார் வீட்டில் இருப்பவருக்கு 2008 முதல் வட்டாரத்திற்கு ஓர் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. தனியாக வாழும் முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவருக்குப் பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும் அறைக்கான அளவே கிடைக்கும். சமூகக் குடியிருப்பில் தேவைக்கு மேல் ஓர் அறை இருந்தால் 2013 முதல் உதவியில் நூற்றுக்கு 14, இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் நூற்றுக்கு 25 குறைக்கப்பட்டது. செல்வம் நிறைந்த நாட்டிலும் எந்தக் கட்டத்தில் குறியிடுகிறோம் என்பதே உதவியின் அளவைத் தீர்மானிக்கிறது.

இப்பாகுபாடே தவறு என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. பொதுப்பணத்தை வழங்குவோருக்கு ஏதேனும் ஓர் அளவுகோல் வேண்டும். தாளில் உள்ளதை மட்டுமே அதிகாரியால் சரிபார்க்க இயலும். ஆனால் தாளில் உள்ள பெயருடன் மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால் அளவுகோல் நேராகும். இவரை வெளியேற்ற யாருக்கு அதிகாரம் உண்டு? எத்தனை நாள் முன்னறிவிப்பில் வெளியேற்றலாம்? வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினால் திரும்பி வரும் உரிமை இவருக்கு உண்டா? இம்மூன்றுக்கும் விடை கண்டால் மாடி வீட்டுப் பழங்குடியும், மெஸ் வீட்டு இளைஞரும், பாடாட்டியாவும், லயன் அறைத் தொழிலாளியும் எங்கே நிற்கிறார்கள் என்பது வெட்டவெளிச்சமாகும். 1970 ஆம் ஆண்டில் அமைந்த கல்கத்தாப் பெருநகர் வளர்ச்சி ஆணையம் பஸ்திகளுக்குக் குழாயும் கழிப்பிடமும் சாலையும் அமைத்துக் கொடுத்தது. நிலம் யாருடையது என்ற வழக்கு தீரும்வரை அது காத்திருக்கவில்லை. உரிமையின் வகை தெளிவாகாவிட்டாலும் குடிநீர் தரலாம் என்பதற்கு அதுவே சான்று.

அரசாங்கம் அளவுகோலைத் திருத்தும்வரை நாம் செய்யக்கூடியவை சில உள்ளன. உடன்படிக்கையை எழுத்தில் பெறுங்கள். அதில் குத்தகை என்று இருக்கிறதா, அனுமதி என்று இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். மாதந்தோறும் ரசீது கேளுங்கள். வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் கையைக் கட்டிக்கொண்டு இராதீர்கள். மேற்கு வங்கத்தில் தபால் மூலம் அனுப்பிப் பார்த்து, அதையும் மறுத்தால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் செலுத்த வழி உண்டு. செலுத்தத் தவறினால் பாதுகாப்பும் தவறிவிடும். தமிழ்நாட்டில் வீடு வாடகைக்கு விட்டிருப்போரும் எடுத்திருப்போரும், 1960 ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை என்பதையும், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் எழுத்து மூலமான உடன்படிக்கையையும் அதன் பதிவையும் வேண்டுகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். ஒத்திக்கு வீடு எடுத்தோர், கொடுத்த தொகைக்கு ஆவணம் இல்லாமல் ஒரு நாளும் இருத்தல் ஆகாது.

தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவுக்கும் இசை விழாவுக்கும் மன்றம் கூடும்போது, ஒரு மாலைப் பொழுதைக் குடியிருப்புப் படிவங்களை நிரப்ப ஒதுக்குங்கள். வங்காளியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ அச்சிட்ட படிவத்தை எழுத்தறிவு குறைந்த சமையல் தொழிலாளிக்கும் வீட்டுவேலை செய்யும் தாய்க்கும் தமிழில் விளக்கிச் சொல்ல ஒருவர் இருந்தால், அக்குடும்பம் சரியான கட்டத்தில் குறியிடும். தம்மைச் சொந்த வீட்டுக்காரர் என்று பெருமைக்காகச் சொல்லி உதவியை இழப்போரும் உண்டு. வாடகைக் குடி என்று சொல்லக் கூசுவோரும் உண்டு. இதில் கூச்சத்திற்கு இடமே இல்லை. நகர்ப்புற இந்தியாவில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்ட குடும்பங்கள் வாடகை கொடுத்தே வாழ்ந்தன என்பதை மேலே கண்டோம்.

பிறந்த மண்ணை விட்டு வந்தவருக்கு வீடு என்பது வெறும் சுவரும் கூரையும் அன்று. குழந்தையின் பள்ளிச் சேர்க்கைக்கும், ரேஷன் அட்டைக்கும், வாக்காளர் பட்டியலுக்கும் அதுவே முகவரி. அந்த முகவரி எத்தகைய உரிமையின்மேல் நிற்கிறது என்பதை ஒவ்வொரு குடும்பமும் இன்றிரவே தன் தாள்களை எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளுமானால், இந்தப் பேச்சு தன் பயனை அடைந்ததாகும்.